ஏழு மணி நேர பீன்ஸ்

பீன்ஸை ஏழு மணி நேரம் வேக வைக்கிற ஊரில் இருக்கிறேன் என்று சொன்னதும், "அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார் என் மாமியார். நியாயமான கேள்விதான். நம் வீடுகளில் பீன்ஸ் பொரியலுக்கு ஒரு கணக்கு உண்டு. பொடியாக நறுக்கி, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தேங்காய்ப்பூ தூவி இறக்கிவிட வேண்டும். பச்சை மங்கிவிட்டால் சமைத்தவருக்குக் கவனம் அடுப்பில் இல்லை என்று அர்த்தம். இங்கே, அமெரிக்காவின் கிழக்கு டென்னசியில், பீன்ஸ் பச்சையாக இருந்தால்தான் சமைத்தவர் மேல் சந்தேகம் வரும். "கடிக்கும்போது பல்லில் கீச்சுன்னு சத்தம் வந்தா அது இன்னும் வேகலை" என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவர் வீட்டு ஸ்லோ குக்கரில், அதாவது மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில், காலையில் போட்ட பீன்ஸைச் சாயங்காலம் வரை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இந்தப் பக்கத்து உணவகங்களில் 'மீட் அண்ட் த்ரீ' என்று ஒரு வழக்கம். ஒரு இறைச்சி, அதோடு நமக்குப் பிடித்த மூன்று காய்கறி. (சீஸில் முக்கிய மக்ரோனியும் காய்கறிப் பட்டியலில்தான் இருக்கும். யாரும் சிரிப்பதில்லை.) அந்தப் பட்டியலில் பீன்ஸ் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. சின்னக் கிண்ணத்தில், பழுப்போடிய மங்கல் பச்சையில், கொஞ்சம் சாற்றோடு வரும். பன்றி இறைச்சியின் இழை ஒன்றிரண்டு மிதக்கும். முள்கரண்டியால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் பிளக்கும். முதல் வாய்க்கு, எங்கள் கல்லூரி விடுதிச் சமையல் நினைவுக்கு வந்தது. இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டால் நினைவு மாறிவிடும். பீன்ஸுக்குள் இப்படி ஒரு சுவை இருப்பதே பத்து நிமிடப் பொரியலில் தெரிய வராது: இறைச்சிச் சாறு போன்ற கனம், விதையில் மாவுத்தன்மை, அடியில் லேசான இனிப்பு, மேலே புகை.

இதை 'அளவுக்கு மீறி வெந்த பீன்ஸ்' என்று சொல்லும் அமெரிக்கச் சமையல் எழுத்தாளர்களும் உண்டு. நறுக்கென்று கடிபட வேண்டும், பளிச்சென்ற பச்சை வேண்டும், ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டு ஐஸ் தண்ணீருக்கு மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அது ஒரு நல்ல உணவு, மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கத் தெற்கத்தி பீன்ஸ் என்பது அந்த உணவு கெட்டுப்போன வடிவம் அல்ல. சமைக்கும் முறை மட்டுமல்ல, எடுத்துக்கொள்ளும் காயே வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்லோ குக்கரில் பீன்ஸ் போட்டால் மாமியார் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்காது.

காயிலிருந்தே தொடங்குகிறேன். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பையில் கிடைப்பது நார் இல்லாத பிஞ்சு பீன்ஸ். உள்ளே விதை இருக்கிறதா என்று தேட வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் லீ ராய் என்ற சிற்றூரில் கால்வின் கீனி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாரற்ற ரகங்களை உருவாக்கினார். 1894இல் பர்ப்பி விதை நிறுவனம் அவற்றில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் பீன்ஸ் என்றாலே நார் உரிப்பதும் சேர்ந்த வேலைதான். இன்றும் எங்கள் ஊரும் சேர்ந்த அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் நார் உள்ள பீன்ஸைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஜூலையில் உழவர் சந்தைக்குப் போனால் 'ஹாஃப் ரன்னர்' என்று அட்டையில் எழுதிக் கூடைகூடையாக வைத்திருப்பார்கள். முழுக்கொடியும் இல்லை, முழுச்செடியும் இல்லை. கொஞ்ச தூரம் மட்டும் படர்கிற ரகம். அதனால் அந்தப் பெயர். காய் சின்னது, ஆனால் உள்ளே விதை திரண்டு புடைத்திருக்கும். விற்பவரிடம் "விதை நல்லா ஏறியிருக்கா?" என்று கேட்பதுதான் இங்கே தரம் பார்க்கும் கேள்வி. நம் சந்தையில் காயை ஒடித்துப் பார்த்து முற்றல் என்று ஒதுக்குகிறோமே, அதையே இங்கே பொறுக்கி எடுக்கிறார்கள்.

'கிரீஸி பீன்ஸ்' என்று இன்னொரு வகை உண்டு. மற்ற பீன்ஸின் மேல் இருக்கும் மெல்லிய பூனைமுடி இதில் இல்லை. தோல் எண்ணெய் தடவியது மாதிரிப் பளபளப்பதால் அந்தப் பெயர். எண்ணெய்க்கும் அதற்கும் வேறு சம்பந்தமில்லை. மேற்கு வட கரோலினாவிலும் கிழக்கு கென்டக்கியிலும் இதற்கு இருக்கும் மரியாதை பெரிது. சாதாரண பீன்ஸைவிட விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும், அப்படியும் பத்து மணிக்கு முன் தீர்ந்துவிடும்.

கென்டக்கியின் பெரியா ஊரில் பில் பெஸ்ட் என்பவர் இப்படிப்பட்ட நாட்டு பீன்ஸ் விதைகளை நூற்றுக்கணக்கில் சேகரித்தவர். இன்றைய கடை பீன்ஸைப் பற்றி அவருடைய குற்றச்சாட்டு எளிமையானது: இயந்திரம் பறிக்கும்போது நொறுங்காமலிருக்கத் தோலைக் கடினமாக்கிவிட்டார்கள், அந்தக் காயில் விதை முற்றும்வரை விட்டால் தோலை மெல்ல முடியாது, அதனால்தான் விதை வருமுன்னே பறித்து விற்கிறார்கள். நாட்டு ரகங்களில் விதை முழுதாக வளர்ந்த பிறகும் தோல் மென்மையாகவே இருக்கும். பீன்ஸின் புரதத்தில் பெரும்பங்கு விதையில்தான். ஆக மலைக்காரர்களுக்கு இது தொட்டுக்கொள்ளும் காய் அல்ல, சாப்பாடே இதுதான். ஒரு தட்டில் பீன்ஸ், ஒரு துண்டு மக்காச்சோள ரொட்டி, நறுக்கிய பச்சை வெங்காயம், அவ்வளவோடு எழுந்துவிடுவார்கள். விதையும் தோலும் ஒருசேர வேக நேரம் வேண்டும். நீண்ட வேக்காடு அங்கிருந்து வந்தது.

இன்னும் பின்னால் போனால் இந்த மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கிகளிடம் போய்ச் சேருவோம். பீன்ஸ் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலும் ஆண்டீஸ் மலைகளிலும் தனித்தனியே பயிராக்கப்பட்ட தாவரம். ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே வடக்கே பரவி, மக்காச்சோளம், பூசணி, பீன்ஸ் என்று மூன்றும் ஒரே மேட்டில் வளர்க்கப்பட்டன. சோளத்தட்டையில் பீன்ஸ் கொடி ஏறும், பூசணி இலை தரையை மூடி ஈரம் காக்கும். 1838-39இல் அமெரிக்க அரசு செரோக்கி மக்களை இந்த மலைகளிலிருந்து விரட்டி ஓக்லஹோமா வரை நடத்திச் சென்றது. ஆயிரக்கணக்கில் மடிந்த அந்தப் பயணத்தில் மடியில் முடிந்துகொண்டு போன விதை என்று ஒரு கறுப்பு பீன்ஸ் இன்றும் பயிராகிறது. 'கண்ணீர்த் தடம்' என்பதே அதன் பெயர். 2020இல் செரோக்கி தேசம் நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்துக்கு ஒன்பது பரம்பரைப் பயிர் விதைகளை அனுப்பியபோது அதுவும் போனது. நீளமான கிரீஸி பீன்ஸ் ஒன்றும் போனது. நம் வீட்டுத் திவசச் சமையலில் பீன்ஸ் சேர்ப்பதில்லை, வெளிநாட்டுக் காய் என்று. அது வந்த வெளிநாட்டில் அதற்கு இப்படி ஒரு கதை.

பீன்ஸைக் காயவைத்துச் சேமிப்பதும் இந்த மலை வழக்கம். ஊசி நூலால் மாலை மாதிரி கோத்து, அடுப்புக்கு அருகிலோ வராந்தாவிலோ தொங்கவிடுவார்கள். சுருங்கிப் பழுப்பாகித் தோல் வார்போல் ஆகிவிடும். 'லெதர் பிரிட்ச்சஸ்', அதாவது தோல் கால்சட்டை, என்று பெயர். நம் கொத்தவரங்காய் வற்றலின் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணெயில் பொரிக்க மாட்டார்கள், ராத்திரி ஊறவைத்துப் பன்றிக்கொழுப்போடு மணிக்கணக்கில் கொதிக்க விடுவார்கள். புகையிலையும் தேயிலையும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். எனக்குப் பிடித்தது, வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்கவில்லை.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். ஸ்லோ குக்கரும் பீன்ஸும் சேர்ந்தது தற்செயல் இல்லை. அந்தக் கருவி பிறந்ததே பயறு வேகவைக்கத்தான். சிகாகோவில் இருந்த இர்விங் நாக்ஸன் என்ற பொறியாளர் 1936இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. அவருடைய தாய்வழிக் குடும்பம் லித்துவேனியாவின் வில்னா நகரத்து யூதக் குடும்பம். வெள்ளி மாலை சூரியன் மறைந்தால் சனிக்கிழமை முடியும்வரை யூத வீடுகளில் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் பயறும் இறைச்சியும் கிழங்கும் போட்ட 'சோலென்ட்' பானையை வெள்ளிக்கிழமையே ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்கள். வேலை ஓய்ந்து அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க அது வேகும், மறுநாள் எடுத்துவந்து சாப்பிடுவார்கள். அம்மா சொன்ன இந்தக் கதையை மின்சாரத்தில் செய்ய முயன்றார் நாக்ஸன். 'நாக்ஸன் பீனரி' என்று பெயர் வைத்து விற்றார். பெரிதாக ஓடவில்லை. 1970இல் கான்சஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது, 1971இல் அதற்கு 'க்ராக்-பாட்' என்று பெயர் மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் பெருவாரியாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் சாப்பாடு தயார் என்ற ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது. உள்ளே இருக்கும் பீங்கான் தொட்டியைத் தனியே கழற்றிக் கழுவும் வசதி 1974இல் வந்தது. அதற்கு முன் மின்சாரக் கம்பியோடு சேர்த்து எப்படித்தான் கழுவினார்களோ!

தெற்கத்தி அடுப்பில் சின்னத் தீயில் அரைநாள் கொதித்துக்கொண்டிருந்த பீன்ஸ் பானை இந்தக் கருவிக்குள் இடம்பெயர்ந்தது இயல்பாகவே நடந்தது. சர்ச் விருந்தா, துக்க வீடா, ஒவ்வொருவரும் தங்கள் ஸ்லோ குக்கரோடு வந்து இறங்குவார்கள். நீளமான மேசையில் அவை வரிசையாக நிற்க, அடியில் ஒயர்கள் பின்னிக் கிடக்கும். பீன்ஸ் மட்டுமே மூன்று வீட்டிலிருந்து வந்திருக்கும். யாருடையது முதலில் காலியாகிறது என்பதை எல்லாரும் கவனிப்பார்கள், யாரும் கவனிக்காத மாதிரியும் இருப்பார்கள். இந்தக் கலையில் நம் கல்யாண வீட்டு அத்தைகளுக்கு இவர்கள் சளைத்தவர்கள் இல்லை.

இனி, புதியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று. எட்டு மணி நேரம் ஆகியும் பீன்ஸ் ரப்பர் மாதிரி இருக்கிறதே, ஏன்? இணையத்தில் இதற்குக் கிடைக்கும் பதில் 'இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள்'. அது பாதிப் பதில்தான்.

காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். அது சூட்டில் கரைந்தால் காய் குழைகிறது. ஆனால் 55, 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் காய் கொஞ்சநேரம் தங்கினால் எதிர்மாறான வேலை நடக்கும். காயிலேயே இருக்கும் ஒரு நொதி அந்தச் சூட்டில் சுறுசுறுப்பாகி பெக்டினின் அமைப்பை மாற்றுகிறது. கால்சியம் வந்து அந்த இழைகளைச் சேர்த்துக் கட்டுகிறது. அப்படிக் கட்டப்பட்ட பெக்டின் பிறகு கொதிநிலைக்கே போனாலும் லேசில் கரையாது. 70 டிகிரியைத் தாண்டினால் நொதி செயலிழந்துவிடும், ஆனால் அதற்குள் அது தன் வேலையை முடித்திருக்கும். பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் எல்லாவற்றிலும் இது உண்டு. அடுப்பில் கொதிநீரில் போடும்போது இந்தக் கட்டத்தைக் காய் சில நொடிகளில் தாண்டிவிடுகிறது. ஸ்லோ குக்கரிலோ குளிர்ந்த தண்ணீரும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த காயுமாகப் போட்டு 'லோ'வில் வைத்தால், சரியாக அந்தச் சூட்டில்தான் அது மெல்ல மெல்ல நடந்து போகும்.

ஆகவே நான் செய்வது இது. சாற்றை அடுப்பில் தளதளவென்று கொதிக்கவைத்து ஊற்றுகிறேன். குக்கரை முன்கூட்டியே 'ஹை'யில் போட்டுச் சூடாக்கி வைக்கிறேன். முதல் ஒரு மணி நேரம் 'ஹை', பிறகு 'லோ'. பெரும்பாலான குக்கர்களில் 'லோ', 'ஹை' இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான், கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே. எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதில்தான் வித்தியாசம். பீன்ஸைப் பொறுத்தவரை அந்தச் சீக்கிரம் முக்கியம்.

இரண்டாவது எதிரி புளிப்பு. அமிலம் பெக்டினைக் கரையவிடாது. தக்காளி, வினிகர், எலுமிச்சை எதுவானாலும் காய் குழைந்த பிறகுதான். நம் பழக்கத்தில் புளிக்கரைசலை முதலிலேயே ஊற்றிவிட்டால் பீன்ஸ் ராத்திரி வரை விறைத்தபடி கிடக்கும். இங்கே ஆப்பிள் வினிகரோ, பச்சை மிளகாய் ஊறிய வினிகரோ, மேசையில் வைத்திருப்பார்கள். அவரவர் தட்டில் ஊற்றிக்கொள்வார்கள். அந்த இரண்டு சொட்டு இல்லாவிட்டால் இந்த பீன்ஸ் கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

நிறத்தைக் காப்பாற்ற வழி கேட்பவர்களுக்கு: கிடையாது, விட்டுவிடுங்கள். பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் மக்னீசியத்தை, காயிலிருந்தே வெளிவரும் அமிலம் தள்ளிவிடுகிறது. மூடியை மூடியே வைத்திருப்பதால் அந்த அமிலம் ஆவியாகப் போகவும் வழியில்லை. பழைய ஆட்கள் சமையல் சோடா ஒரு சிட்டிகை போடுவதுண்டு. நிறம் நிற்கும், ஆனால் தோல் கூழாகும், தயமின் சத்தும் அழியும். மங்கல் பச்சையே மேல்.

ஆறு குவார்ட் குக்கருக்கு என் அளவு: இரண்டு பவுண்டு பீன்ஸ், அதாவது கிட்டத்தட்ட 900 கிராம். ஹாஃப் ரன்னர் என்றால் இரண்டு ஓரத்து நாரையும் பொறுமையாக உரித்து, கையாலேயே விரல் நீளத்துக்கு உடைத்துக்கொள்ள வேண்டும். கத்தி வேண்டாம், உடைக்கும்போதுதான் மிச்ச நார் கையில் மாட்டும். இது டிவி பார்த்துக்கொண்டே இரண்டு பேர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒரு பெரிய வெங்காயம், நான்கு பல் பூண்டு, அரை டீஸ்பூன் மிளகு, ஒரு வர மிளகாய். புகையிட்ட பன்றிக் கணுக்கால் ஒன்று. அதை முதலில் ஐந்து கப் தண்ணீரில் அடுப்பில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் நான்கு கப் சாறு மிஞ்சும், அதைத்தான் கொதிக்கக் கொதிக்க பீன்ஸ் மேல் ஊற்ற வேண்டும், கணுக்காலையும் நடுவில் புதைத்து. காய் முழுக்க மூழ்கத் தேவையில்லை, முக்கால் பங்கு போதும். வெந்து அமுங்கும், தண்ணீரும் விடும். இந்தப் பாத்திரத்தில் எதுவும் ஆவியாவதில்லை என்பதை மறந்து சாற்றை ஊற்றினால் கடைசியில் ரசம்தான். உப்பு முதலில் போடாதீர்கள், கணுக்கால் எவ்வளவு உப்பு என்று அதற்குத்தான் தெரியும்.

கடை பீன்ஸுக்கு ஐந்தாறு மணி நேரம் போதும். விதை ஏறிய ஹாஃப் ரன்னருக்கு ஏழெட்டு. சின்னச் சின்னப் புது உருளைக்கிழங்கு போடுவதும் இங்கே வழக்கம். தோலோடு பாதியாக வெட்டி, அதையும் ஐந்து நிமிடம் தனியே கொதிக்கவைத்துவிட்டுக் கடைசி இரண்டு மணி நேரத்தில் சேர்த்தால் உடையாது, வேகாமலும் நிற்காது. இடையில் மூடியைத் திறக்க வேண்டாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் 15 முதல் 20 நிமிடம் பின்னுக்குப் போகும். முடிந்ததும் கணுக்காலை எடுத்து, தோலையும் எலும்பையும் தள்ளி, இறைச்சியைப் பிய்த்துத் திரும்பப் போட்டு, அப்போது உப்பு பாருங்கள்.

பன்றி சாப்பிடாதவர்கள் புகையிட்ட வான்கோழிக் கழுத்தோ இறக்கையோ போடலாம். கறுப்பின மக்களின் வீடுகளில் இது வெகுவாகப் பரவிய வழக்கம், சமாளிப்பு இல்லை. முழுச் சைவத்தில்தான் சிக்கல். இறைச்சி இரண்டு விஷயங்களைத் தருகிறது: புகை, உதட்டில் ஒட்டுகிற அந்தக் கொழகொழப்பு. புகைக்கு ஸ்மோக்டு பாப்ரிகா ஒரு டீஸ்பூன் போதும். கனத்துக்கு, வெங்காயத்தை நான்கு டேபிள்ஸ்பூன் எண்ணெயிலோ வெண்ணெயிலோ நிதானமாகக் கருஞ்சிவப்பாக வதக்கி, உலர்ந்த காளான் ஊறவைத்த தண்ணீரும் ஒரு டீஸ்பூன் சோயா சாஸும் சேர்த்துக் கொதிக்கவைத்து ஊற்றுகிறேன். எண்ணெயைக் குறைத்தால் வெறும் வெந்த பீன்ஸ்தான் மிஞ்சும். கொழுப்பு இதில் அலங்காரம் இல்லை. பன்றியின் சுவை வராது, ஆனாலும் சோள ரொட்டியோடு சாப்பிடும்போது குறை தெரியாது. பாட்டி ஒரு தடவை ருசி பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தத் 'தான்' எனக்குப் போதும்.

பொரியலை ஸ்லோ குக்கரில் செய்யலாமா என்று கேட்காதீர்கள். பொரியலின் உயிரே தண்ணீர் வற்றுவதில் இருக்கிறது, இந்தப் பாத்திரம் ஒரு சொட்டுத் தண்ணீரையும் வெளியே விடாது. உசிலியும் அப்படித்தான். கூட்டு செய்யலாம்: பாசிப்பருப்பைத் தனியே வேகவைத்துக் கடைசியில் சேர்த்து, தேங்காய் சீரகம் அரைத்துவிட்டு, தாளிப்பை அடுப்பில் செய்து கொட்டினால் நன்றாகவே வரும். ஆனால் அதற்கு அடுப்பே சுலபம்.

ஒரு எச்சரிக்கை கட்டாயம் சொல்ல வேண்டும். பச்சை பீன்ஸும் ராஜ்மாவும் ஒரே தாவர இனம். பச்சைக் காயில் பயமில்லை, முழுக்க வேகவைத்தால் போதும். ஆனால் காய்ந்த ராஜ்மா விதையில் ஒரு லெக்டின் நச்சு மிக அதிகம்; வேகாத ராஜ்மாவில் நான்கைந்து விதை போதும், சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். ஸ்லோ குக்கரின் மிதமான சூடு அந்த நச்சை அழிக்காமல் விட்டுவிடக்கூடும். அரைகுறையாகச் சூடான விதை பச்சை விதையைவிடக் கெடுதல். எனவே ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகுதான் ஸ்லோ குக்கருக்குள் போக வேண்டும். பயறு வேகவைக்கப் பிறந்த கருவிக்கு இப்படி ஒரு நிபந்தனை!

நவம்பரில் நன்றி சொல்லும் நாள் வரும்போது பீன்ஸ் வேறு வேடம் போடும். கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் 1955இல் டார்கஸ் ரைலி என்பவர் உருவாக்கிய காசரோல்: டின் பீன்ஸ், டின் காளான் சூப், மேலே பொரித்த வெங்காயம். அதை ஓவனில் வைப்பதுதான் முறை, ஆனால் அன்றைக்கு ஓவன் முழுக்க வான்கோழி உட்கார்ந்திருக்கும். அதனால் பல வீடுகளில் அதையும் ஸ்லோ குக்கரில் போட்டு, வெங்காயத்தை மட்டும் பரிமாறும்போது தூவுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை, பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

குளிர்காலத்தில் ஹாஃப் ரன்னர் கிடைக்காது. அப்போது டின் பீன்ஸ் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இங்கே நல்ல சமையல்காரர்களே வாங்குகிறார்கள். டின்னுக்குள்ளேயே வெந்துவிட்ட காய். ஊறிய தண்ணீரில் பாதியைக் கொட்டிவிட்டு, வெங்காயமும் புகையிறைச்சியும் சேர்த்து மூன்று மணி நேரம் 'லோ'வில் வைத்தால் சுவை ஏறும். வீட்டில் ஜாடியில் அடைத்த பீன்ஸை யாராவது அன்பாகக் கொடுத்தால், பிரஷர் கேனரில் அடைத்ததுதானா என்று தயங்காமல் கேளுங்கள். புளிப்பில்லாத காய் என்பதால் வெறும் கொதிநீரில் அடைத்தால் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமியின் விதைத்துகள் சாகாது. 116 டிகிரி செல்சியஸ் வேண்டும், அது அழுத்தத்தில்தான் வரும். கொடுப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்த ஊரில் அது எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

மிச்சமானதைப் பீங்கான் தொட்டியோடு ஃப்ரிட்ஜில் வைக்காமல் தட்டையான டப்பாக்களுக்கு மாற்றிவிடுங்கள், கனத்த தொட்டி ஆற நேரமாகும். மறுநாள் அடுப்பில் சூடாக்குங்கள். ஸ்லோ குக்கரில் மறுபடி சூடேற்றுவது சரியில்லை. சாறு மிஞ்சினால் இங்கத்தியர் சோள ரொட்டியை முக்கிச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அதைச் சூடான சாதத்தில் ஊற்றி, மேலே கொஞ்சம் மிளகு தட்டிப்போட்டு, தொட்டுக்கொள்ள சுட்ட அப்பளம்.